ஆன் ஆகாத கம்ப்யூட்டரிலிருந்து ஃபைல்களை எடுப்பது: முதலில் டேட்டா, அப்புறம் ரிப்பேர்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றதும் அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறோம். கடைத் தம்பி ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஓஎஸ், அதான் விண்டோஸ், போயிருக்கு. பார்மட் அடிச்சிருவோமா? டி டிரைவ்ல உள்ளது அப்படியே இருக்கும்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. டி டிரைவில் உள்ளது அப்படியேதான் இருக்கும். ஆனால் டெஸ்க்டாப்பில் வைத்தது, டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே சி டிரைவில் அல்லவா இருக்கின்றன? பார்மட் அடித்தால் முதலில் போவது அதுதான். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியது ஒன்றே: "தம்பி, முதல்ல டேட்டாவை எடுத்துக் கொடுங்க. ரிப்பேரை அப்புறம் பாத்துக்கலாம்."

கம்ப்யூட்டர் ஆன் ஆகாததும் டேட்டா போவதும் வேறு வேறு விஷயங்கள். மதர்போர்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, ரேம், விண்டோஸ் இவற்றில் எது கெட்டாலும் திரை வராது. ஆனால் ஃபைல்கள் இருப்பது ஹார்டு டிஸ்கில் அல்லது எஸ்எஸ்டியில். அது நன்றாக இருந்தால் மற்றது எல்லாம் எரிந்து போயிருந்தாலும் கவலையில்லை. எடுத்து முடிக்கும் வரை அந்த டிஸ்கில் புதிதாக ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது. விண்டோஸ் மறுபடி போடுவது, 'ரீசெட் திஸ் பிசி', டிஸ்க் செக், ஏதோ ரிப்பேர் மென்பொருளை நிறுவுவது, எல்லாமே டிஸ்கில் எழுதுகிற வேலைகள்தான்.

கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்ப்பது

ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுங்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் மெல்லிய 'விர்ர்' சத்தம் வரும், நடுநடுவே சிறு உரசல் கேட்கும். அது சரியான சத்தம். 'டக்... டக்... டக்' என்று சீராகத் தட்டினால் உள்ளே டேட்டா பதிந்த தட்டைப் படிக்கும் ஹெட் பழுது. 'பீப் பீப்' என்று ஹார்டு டிஸ்கிலிருந்தே வந்தால் தட்டு சுழல முடியாமல் சிக்கி நிற்கிறது. இந்த இரண்டில் எது கேட்டாலும் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று பத்து முறை ஆன் செய்வதில்தான் மீட்கக்கூடிய டிஸ்க் மீட்க முடியாததாகிறது.

சத்தத்தில் கோளாறில்லை, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் முதலில் ரேமைச் சந்தேகியுங்கள். கரண்டைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் ஆனி ஆடிக் காற்றில் வரும் மண்தூசும், உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர்களின் உப்புக்காற்றும் இந்த முனைகளில்தான் படியும். பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

லேப்டாப் முற்றிலும் அசையவில்லை என்றால் சார்ஜரைப் பிடுங்கி, கழற்றக்கூடிய பேட்டரியானால் அதையும் கழற்றி, பவர் பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள்.

திரை வருகிறது, விண்டோஸ் வரவில்லை என்றால், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போக வேண்டும். ஆன் செய்த நொடியிலிருந்து டெல், ஏசர், ஏசுஸ் லேப்டாப்களில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, லெனோவாவில் எஃப்1 அல்லது எஃப்2, டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளே டிஸ்கின் பெயரும் அளவும் தெரிகிறதா என்று பாருங்கள். 'எஸ்டி1000' என்று தொடங்கினால் அது சீகேட்டின் 1 டிபி. பெயர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தெரியாவிட்டால் டிஸ்கோ, கேபிளோ, அது செருகிய இடமோ பழுது.

இங்கேயே தேதியையும் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. சின்னப் பழுதுதான், ஆனால் பெரிதாக ஏமாற்றும். பேட்டரி போனால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். டிஸ்கை மதர்போர்டோடு பேசவைக்கும் சாட்டா முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ (பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) ஐடிஇக்கோ மாறிவிட்டால், ஒரு குறையும் இல்லாத விண்டோஸ் நீலத்திரை காட்டும், அல்லது பூட் டிவைஸ் இல்லை என்று சொல்லும். 3 வோல்ட் பேட்டரியை மாற்றி, அமைப்பை முன்பு இருந்தபடி வைத்தால் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். இதைப் பார்க்காமலேயே பார்மட் அடிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் ஏராளம்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ்

டிஸ்க் பயாஸில் தெரிகிறது, விண்டோஸ்தான் வரவில்லை என்றால், லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓட்டுவதே நல்ல வழி. வேண்டியவை இரண்டு: 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, ஃபைல்களை ஏற்றிக்கொள்ள ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க். வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் ஐஎஸ்ஓ கோப்பை (முழு ஓஎஸ்ஸும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்குங்கள். ஏறத்தாழ 3 ஜிபி வரும். ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்து 'ஸ்டார்ட்' கொடுங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதால் வெறும் பென் டிரைவையே எடுங்கள்.

அதைப் பழுதான கம்ப்யூட்டரில் செருகி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவைத் திறக்க வேண்டும். டெல், லெனோவா, ஏசரில் எஃப்12 (ஏசரில் இதை முதலில் பயாஸுக்குள் இயக்க வேண்டியிருக்கும்), ஹெச்பியில் எஃப்9, ஏசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், எம்எஸ்ஐ போர்டில் எஃப்11. பென் டிரைவைத் தேர்ந்ததும் ஓரிரு நிமிடத்தில் லினக்ஸ் டெஸ்க்டாப் வரும். இது ரேமில் ஓடுகிறது, உங்கள் டிஸ்கைத் தொடுவதில்லை. டெஸ்க்டாப்பிலேயே 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு படம் இருக்கும். அதன் மேல் மட்டும் கை போகக்கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் தள்ளியே உட்காரச் சொல்லுங்கள்.

ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடப்பக்கம் சி டிரைவ் அதன் அளவோடு தெரியும். கிளிக் செய்தால் பலருக்கு நேராகத் திறந்துவிடும். சிலருக்கு மவுன்ட் செய்ய, அதாவது டிரைவைத் திறக்க, முடியவில்லை என்று வரும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிஸ்கைப் பாதித் தூக்கத்தில் விட்டுப் போயிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். இணையத்தில் சொல்கிற 'ஃபிக்ஸ்' கட்டளைகளுக்குப் போகாதீர்கள், அவை டிஸ்கில் எழுதும். அதற்குப் பதில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து, அந்தப் பார்ட்டிஷனை (சி டிரைவ் பகுதியை) தேர்ந்து, கீழே பல்சக்கரப் படத்தில் 'எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்' போங்கள். மேலே உள்ள தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டு, விருப்பங்கள் எழுதியிருக்கும் வரியின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகள் ஆர், ஓ இரண்டையும் ஒரு காற்புள்ளியையும் சேருங்கள். படிக்க மட்டும், எழுத அல்ல என்று அதற்குப் பொருள். பிறகு முக்கோணப் பொத்தானை அழுத்தினால் டிரைவ் திறக்கும். நமக்கு வேண்டியது படிப்பது மட்டும்தான், ஆகையால் எல்லோருமே இப்படித் திறப்பது நல்லது.

லினக்ஸில் டிஸ்கே தெரியவில்லை, பயாஸில் தெரிகிறது என்றால் சாட்டா முறை 'ரெய்டு ஆன்' அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கிறதா பாருங்கள். ஒற்றை டிஸ்க் உள்ள லேப்டாப்பில் அதை ஏஹெச்சிஐ ஆக்கினால் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. பழைய அமைப்பை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், விண்டோஸுக்குத் திரும்பும்போது அது வேண்டும். உண்மையாகவே இரண்டு டிஸ்குகளை ரெய்டில் இணைத்திருந்தால் கைவைக்காதீர்கள்.

லினக்ஸ் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு விண்டோஸ் நிறுவும் பென் டிரைவே போதும். அதில் பூட் செய்து, மொழி கேட்கும் திரையிலேயே ஷிஃப்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புப் பெட்டி வரும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் நோட்பேட் திறக்கும். அதன் 'ஃபைல் → ஓப்பன்' பெட்டியில் கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் எல்லா டிரைவும் தெரியும். ரைட் கிளிக்கில் காப்பி செய்து வெளி டிஸ்கில் பேஸ்ட் செய்யலாம். டிரைவ் எழுத்துகள் இங்கே மாறியிருக்கும், சி என்பது டி என்று வரலாம். சில ஃபோல்டர்களை எடுக்க இது வசதி. ஆனால் எத்தனை போயிற்று, எங்கே நின்றது என்று காட்டாது.

எதையெல்லாம் எடுக்க வேண்டும்

அவசரத்தில் 'டாக்குமென்ட்ஸ்' மட்டும் எடுத்துவிட்டு மற்றதை மறப்பவர்கள் அதிகம். சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும். அதை முழுதாக எடுங்கள். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் அதற்குள்ளேயே 'ஒன்டிரைவ்' என்ற ஃபோல்டரைப் பாருங்கள். பல லேப்டாப்களில் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அதற்குள் போய் உட்கார்ந்திருக்கும். அங்கும் திறக்காத ஃபைல்கள் இணையத்தில் மட்டும் இருப்பவை. வேறொரு கம்ப்யூட்டரில் அதே கணக்கில் நுழைந்தால் கிடைத்துவிடும்.

கடைக்காரர்களுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் டேலி என்ற கணக்கு மென்பொருள்தான் உயிர். டேலிபிரைமின் கணக்கு இயல்பாக இருப்பது 'யூசர்ஸ்' அடியில் 'பப்ளிக்', அதனுள் 'டேலிபிரைம்', அதனுள் 'டேட்டா'. அங்கே 10000, 10001 என்று வெறும் எண்ணே பெயரான ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு கம்பெனி. உள்ளே உள்ள கோப்புகளில் ஒன்று குறைந்தாலும் கம்பெனி திறக்காமல் போகலாம், ஆகவே ஃபோல்டரை அப்படியே எடுங்கள். 'பப்ளிக்' வேறு ஃபோல்டர் என்பதால் உங்கள் பெயர் ஃபோல்டரை மட்டும் எடுத்தவர்களுக்கு டேலி கிடைக்காது. டேலியைப் போட்டுக் கொடுத்தவர் டேட்டாவை டி டிரைவுக்கு மாற்றியிருக்கவும் கூடும். அங்கும் தேடுங்கள்.

அச்சகம், டிடிபி வேலை செய்பவர்கள் மறப்பது எழுத்துரு. பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை, பேஜ்மேக்கர் கோப்பை, எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'திருநெல்வேலி' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை நிற்கும். கோப்பு கெட்டதல்ல, யூனிகோடு இல்லாத எழுத்துரு அப்படித்தான் வேலை செய்கிறது. 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' முழுவதையும், உங்கள் பெயர் ஃபோல்டரில் 'ஆப்டேட்டா → லோக்கல் → மைக்ரோசாஃப்ட் → விண்டோஸ் → ஃபான்ட்ஸ்' இருந்தால் அதையும் காப்பி செய்யுங்கள். ஆப்டேட்டா விண்டோஸில் மறைந்திருக்கும், லினக்ஸில் கண்ணுக்குத் தெரியும்.

குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் மட்டும் இப்படிக் காப்பி செய்தால் வராது. அவை அந்த விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை.

சின்னதையும் முக்கியமானதையும் முதலில் எடுங்கள்: டேலி, டாக்குமென்ட்ஸ், பிறகு போட்டோ, கடைசியில் வீடியோ. நடுவில் டிஸ்க் கைவிட்டாலும் மேலே உள்ளது கைக்கு வந்திருக்கும். போய்ச் சேரும் டிஸ்கின் பார்மட் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பும் ஏறாது, எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 2 துளையில் வினாடிக்கு 35 எம்பி போல ஓடும், 500 ஜிபிக்கு 4 மணி நேரம். யுஎஸ்பி 3 நீலத் துளையில் சுமார் ஒன்றரை மணி நேரம். மறுநாள் மாதாந்திர மின்தடை அறிவிப்பு உங்கள் பகுதிக்கு உண்டா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, கோப்பு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா பாருங்கள்.

48 இலக்கச் சாவி

புது லேப்டாப்களில், குறிப்பாக விண்டோஸ் 11இல், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடனே டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு ஏற்பாட்டால் பூட்டப்படுவது சகஜம். நீங்கள் எதையும் இயக்கியிருக்க வேண்டியதில்லை. அப்படியானால் டிரைவைக் கிளிக் செய்ததும் சாவி கேட்கும். ஃபோனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தேடுங்கள். ஆறு ஆறாக எட்டுக் கூட்டம், மொத்தம் 48 இலக்கம். பல சாவி இருந்தால் திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் இடையில் உள்ள சிறு கோடுகளோடு சேர்த்து அடிக்க வேண்டும். எந்தக் கணக்கு என்று நினைவில்லாவிட்டால் லேப்டாப்பை முதன்முதலில் அமைத்துக் கொடுத்தவரைக் கேளுங்கள், கடைக்காரரின் மின்னஞ்சலில் அமைத்திருப்பதும் உண்டு. சாவி இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டுவது

மதர்போர்டோ எஸ்எம்பிஎஸ்ஸோ போயிருந்தால், இடி மின்னலில் அடி வாங்கியிருந்தால், கழற்றுவதே வழி. லேப்டாப்பில் மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள். 2.5 அங்குல டிஸ்க் என்றால் சாட்டா-யுஎஸ்பி கேபிள் ஒன்று சில நூறு ரூபாயில் கிடைக்கும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்குக்கு அது போதாது. 12 வோல்ட் வேண்டும், தனி அடாப்டரோடு வருவதை வாங்க வேண்டும்.

சூயிங் கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 எஸ்எஸ்டியில் கவனம் தேவை. முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. மாட்டி யுஎஸ்பியில் செருகும் பெட்டி இரண்டுக்கும் வேறு. கடைக்கு எஸ்எஸ்டியையே கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். மலிவு லேப்டாப்களின் இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப்பும் புதிய மேக்புக்கின் சேமிப்பும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை. கழற்ற முடியாது, போர்டைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும்.

கேபிளில் மாட்டியதும் 'டக் டக்' என்று கேட்டால் ஒரே ஒரு முறை இடம் மாற்றிப் பாருங்கள். டெஸ்க்டாப்பின் முன்பக்க யுஎஸ்பி துளையும் நீளக் கேபிளும் போதிய மின்சாரம் தராவிட்டால் நல்ல டிஸ்கும் அப்படித் தட்டும். யுஎஸ்பி 2 தருவது 500 மில்லி ஆம்பியர், சுழலத் தொடங்கும் டிஸ்க் 1 ஆம்பியர் வரை கேட்கும். பின்பக்க நீலத் துளையில் குட்டைக் கேபிளோடும் தட்டினால்தான் டிஸ்க் பழுது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகும்போது 'பார்மட் செய்யவா' என்று கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள். 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று வந்தாலும் வேண்டாம். அனுமதி இல்லை என்று வந்தால் 'கன்டினியூ' கொடுக்கலாம், ஆனால் அது கோப்பு உரிமையை மாற்றி டிஸ்கில் எழுதும். திணறுகிற டிஸ்க் என்றால் அதைத் தவிர்த்து லினக்ஸில் படிப்பதே பாதுகாப்பு.

திணறும் டிஸ்க்

காப்பி வேகம் திடீரென்று வினாடிக்குச் சில கேபிக்கு இறங்கி, ஒரே கோப்பில் நின்றுகொண்டிருந்தால் நிறுத்துங்கள். 'டிஸ்க்ஸ்' செயலியில் டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து 5, 197, 198 என்ற மூன்று எண்களைப் பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் நல்லது. 197 ஏறிக்கொண்டே போனால் படிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்கின் சிறு கட்டங்கள்) கூடுகின்றன. அப்போது கோப்பு கோப்பாக எடுக்காமல் டிஸ்க் முழுவதையும் வேறு டிஸ்குக்குப் பிரதி எடுத்து, பிரதியிலிருந்து கோப்புகளை எடுக்க வேண்டும்.

அதற்கான கருவி ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. ஃபோனிலிருந்து இணையம் கொடுத்து லினக்ஸ் மின்ட்டிலேயே நிறுவலாம். நல்ல பகுதிகளை முதலில் வேகமாக அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முயலும். கட்டளையில் மூன்று பெயர்கள் வரிசையாக வரும்: பழுதான டிஸ்க், புது டிஸ்க், மேப் கோப்பு (எதுவரை எடுத்தாயிற்று என்ற குறிப்பு). முதலிரண்டும் இடம் மாறினால் புது டிஸ்கின் வெறுமை உங்கள் டேட்டாவின் மேல் எழுதப்பட்டுவிடும். அளவை மட்டும் நம்பாமல் சீரியல் எண்ணைப் பார்த்து, இன்னொருவரையும் படித்துப் பார்க்கச் சொல்லி, அப்புறம் என்டர் தட்டுங்கள். புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும். மேப் கோப்பை மூன்றாவதாக ஒரு பென் டிரைவில் வையுங்கள். லினக்ஸ் ரேமில் ஓடுவதால் கரண்ட் போனால் அங்கிருந்தது அழியும். மேப் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கத்திரி வெயிலில் டிஸ்கின் மேல் ஒரு மேசை விசிறியைத் திருப்பி வையுங்கள்.

ஏற்கெனவே பார்மட் ஆகிவிட்டதா? சுழலும் டிஸ்க் என்றால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசமாக உதவும். ஃபோட்டோரெக் எடுத்துத் தரும் கோப்புகளுக்குப் பெயரும் ஃபோல்டரும் இருக்காது, உட்கார்ந்து பிரிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடுவதால் நம்பிக்கை குறைவு.

நனைந்த டிஸ்க், தட்டும் டிஸ்க்

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் தண்ணீர் வந்தபோது எத்தனையோ கடைகளில் கம்ப்யூட்டர்கள் முங்கின. அப்படி நனைந்த ஹார்டு டிஸ்கை ஆன் செய்யவே கூடாது. வெயிலில் காயவைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் கெடுதல். பெரும்பாலான டிஸ்குகளில் காற்று போக ஒரு சிறு துளை உண்டு, அதன் வழியே சேறு உள்ளே போயிருக்கும். காய்ந்தால் அது தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியோடு ஜிப் உறையில் போட்டு மூடி, அப்படியே டேட்டா மீட்பு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். உள்ளே ஹெட் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. வீட்டில் மூடியைத் திறந்தால் விழும் ஒரு தூசி அதற்குப் பாறை மாதிரி.

இடி விழுந்து டிஸ்க் அசையாமல் கிடந்தால் 'அதே மாடல் போர்டை வாங்கி மாத்திருவோம்' என்று யாராவது சொல்வார்கள். இப்போதைய டிஸ்குகளில் ஒவ்வொரு போர்டிலும் அந்த டிஸ்குக்கே உரிய தகவல் உள்ள ஒரு சிப் இருக்கிறது. அதையும் மாற்றிப் பற்றவைக்காமல் வேலை நடக்காது. தெரிந்தவர் கையில் மட்டும் கொடுங்கள்.

டிஸ்கைத் திறந்து வேலை செய்யும் ஆய்வகங்கள் சென்னை, பெங்களூரு மாதிரிப் பெருநகரங்களில் இருக்கின்றன. செலவு ஆயிரக்கணக்கில் வரும். அனுப்புமுன் ஃபோனில் மூன்று கேள்வி கேளுங்கள்: சோதித்துச் சொல்ல எவ்வளவு, டேட்டா வராவிட்டால் கட்டணம் உண்டா, கிடைத்த கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டுமுன் காட்டுவீர்களா. பதிலை எழுத்தில் வாங்குங்கள். சீரியல் எண் தெரியும்படி டிஸ்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டிஸ்டேட்டிக் உறையில் போட்டு, சுற்றிலும் இரண்டு அங்குலம் பபிள் ரேப் வைத்து, அட்டைப்பெட்டிக்குள் ஆடாமல் அடைத்து அனுப்புங்கள். என்ன நடந்தது, அதன் பிறகு எத்தனை முறை ஆன் செய்தீர்கள், யார் என்ன முயன்றார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளேயே வையுங்கள். எதையும் மறைக்காமல் எழுதினால், அங்கே திறப்பவர் டிஸ்குக்குக் கரண்ட் கொடுக்கலாமா கூடாதா என்பதை அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்வார்.